கூத்தையா டாக்டரிடம் சொல்லாதது

ராமநாதபுரம் பக்கத்துச் சிக்கல் கிராமத்தில் கூத்தையாவைக் குடிகாரர் என்று யாரும் சொன்னதில்லை. மிளகாய் விவசாயி. மதுவிலக்குக் கூட்டம் என்றால் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாள் பனங்காட்டுக்குள் போவார். அங்கே தவசி திருட்டுத்தனமாகக் காய்ச்சும் சாராயத்தில் ஒரு குவளை குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்புவார். மனைவி முருகேஸ்வரிக்குக்கூடத் தெரியாது.

1963 ஆனி மாதம் நெஞ்சுவலி வந்தது. ராமநாதபுரத்து டாக்டர் சீனி முகம்மது ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிச் சோதித்தார்.

"ரத்தத்துல கொழுப்பு ரொம்ப ஏறியிருக்கு. இந்த மாத்திரை சாப்பிட்டா கொஞ்ச நேரம் முகம் சூடா இருக்கும், பயப்படாதீங்க. குடிக்கிற பழக்கம் உண்டா?"

பக்கத்தில் முருகேஸ்வரி. குடித்தால் ஜெயில் என்றிருந்த காலம்.

"சத்தியமா இல்லைங்கய்யா" என்றார் கூத்தையா.

ஐப்பசியில் ஒருநாள், வழக்கம்போல் சாயங்காலம் வரை காத்திராமல், மதியச் சாப்பாடு முடிந்து மாத்திரையை விழுங்கிய கையோடு பனங்காட்டுக்குப் போனார். குவளை காலியான கால்மணி நேரத்தில் முகமும் கழுத்தும் நெஞ்சும் ரத்தச் சிவப்பாயின.

"ஏலே தவசி, உடம்பெல்லாம் எரியுதுடா!" என்றவர் அப்படியே சரிந்தார்.

தன் சாராயம்தான் விஷமாகிவிட்டது என்று தவசி நினைத்தான். ஓடிப்போயிருக்கலாம். அவன் ஓடவில்லை; அவரைத் தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

"அக்கா, நாந்தான் சாராயம் குடுத்தேன். அண்ணன் ரொம்ப வருசமாக் குடிக்கிறாக. டாக்டர்ட்ட சொல்லிருங்க. என்னயப் போலீஸ் புடிச்சாலும் பரவாயில்ல."

இவன் யாரைப் பற்றிச் சொல்கிறான் என்றே முருகேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. தவசிதான் அரிசி ஆலை லாரியைப் பிடித்து வந்து அவரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனான்.

டாக்டர், கூத்தையாவின் இமையை விலக்கிப் பார்த்தார். கண் மஞ்சளாக இருந்தது.

"சாராயத்துல விஷம் இல்லப்பா" என்றார் தவசியிடம். "மாத்திரையோட சேர்ந்ததுல ரத்த அழுத்தம் இறங்கிருச்சு. இந்த மயக்கம் தெளிஞ்சிரும். ஆனா இத்தன மாசமா ரெண்டும் சேர்ந்து ஈரலைக் கெடுத்திருக்கு. குடிப்பார்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா இந்த மாத்திரையவே குடுத்திருக்க மாட்டேன்."

கண் விழித்த கூத்தையாவிடம் முருகேஸ்வரி கேட்டாள்: "எம் முன்னாலதான சத்தியம் பண்ணீக?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் போலீசுக்குச் சொல்லவில்லை. மாத்திரையையும் குடியையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். தவசி பானையை உடைத்துப் போட்டுவிட்டுப் பாம்பனுக்கு மீன் சுமக்கப் போனான்.

மஞ்சள் தெளிய நாலு மாதமாயிற்று. வேளை தவறாமல் கஞ்சி வைத்துக் கொடுத்த முருகேஸ்வரி, அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாசியில் மிளகாய்ப் பழம் பறிக்கக் கூலியாட்களோடு அவளே நின்றாள். கூத்தையா மெல்ல நடந்து வந்து வரப்பில் உட்கார்ந்தார்.

"இந்த வெயில்ல எதுக்கு வந்தீக?" என்று கேட்டாள்.