மூன்றாம் இழுப்பறையின் விளக்கு

பாபநாசத்துப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கூட்டித் துடைக்கிற வேலைதான். ஆனால் அங்கே சர்வர் ரூம் என்று கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. எந்நேரமும் ஏசி ஓடும். அதன் சாவியைப் பெரிய டாக்டர் தம் கையாலேயே என்னிடம் கொடுத்திருந்தார். படித்தவர்கள் அத்தனை பேர் இருக்க, எழுத்துக் கூட்டிப் படிக்கிற என்னிடம் கொடுத்தார் என்றால் சும்மாவா?

உள்ளே ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. அரிசி டிரம் உயரம் இருக்கும். முகப்பில் நான்கு சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டிஸ்க். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கடுகளவு பச்சை விளக்கு. யார் யாருக்கு ரத்தம் சுத்தம் செய்கிறார்கள், யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதற்குள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செருப்புக் காலோடு ஒருவரையும் உள்ளே விட மாட்டேன்.

ரெக்கார்டு செக்‌ஷன் மேடத்துக்கும் எனக்கும் இதில்தான் ஆகாது. தினமும் காலையில் அந்த நான்கு விளக்கும் பச்சையாக எரிகிறதா என்று பார்த்துத் தாளில் டிக் போடுவது அந்தம்மாவின் வேலை.

"ஆயா, சாவியக் குடுங்க. பாத்துட்டு வந்துடறேன்."

"காலக் கழுவிட்டு வாங்க மேடம்."

"உள்ள என்ன பெருமாளா படுத்திருக்காரு?"

"பெருமாள்னா மன்னிச்சு விட்டுடுவாரு. இது மன்னிக்காது."

கொஞ்ச நாளில் அந்தம்மா கேட்பதையே விட்டுவிட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பெட்டி பழசாகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து ஒரு இன்ஜினியரை டாக்டர் வரவழைத்தார். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. வெளிநோயாளிகள் கிடையாது. புதுப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒயர் போட்டார்.

"பழசுல ஓடறது மொத்தத்தையும் அப்படியே எடுத்து இதுக்குள்ள ஓட விடப்போறோம்மா. இதுக்குள்ள அது ஒரு தனி மெஷின் மாதிரி இருக்கும். ஆனா இரும்பு, டிஸ்க்குன்னு அதுக்குன்னு எதுவும் கிடையாது."

"அப்ப அதுக்குத் தூசி தட்ட வேணாமா தம்பி?"

"வேணாம்மா."

எனக்கு அது பிடிக்கவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"நாலு விளக்கும் பச்சைதானே?" என்று பின்பக்கம் ஒயர் மாட்டியபடியே இன்ஜினியர் கேட்டார். மேடம் டிக் போட்ட தாளை நீட்டினார். எட்டு மணிக்கு வேலை ஆரம்பித்தது. "சாயங்காலம் முடியும். அதுவரைக்கும் பழசு நிக்கக் கூடாது. நின்னா திரும்ப எழுந்திருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, போன வருஷத்தியது ஒன்றுதான் இருக்கிறது என்றார் டாக்டர்.

இன்ஜினியரின் மடிக்கணினித் திரையில் எண் ஏறிக்கொண்டே போயிற்று. எண் எனக்கு நன்றாகப் படிக்க வரும். நூறு வந்தால் முடிந்தது. ஐம்பது வரை ஓட்டமாக வந்தது. அறுபத்தொன்றில் நின்றது. நின்றதோடு இல்லை, பெட்டிக்குள்ளிருந்து நகத்தால் தகரத்தைச் சுண்டுவது போல ஒரு சத்தம். டக். டக். இன்ஜினியர் தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்தார்.

"இது என்ன?"

மூன்றாம் இழுப்பறையில் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். நகத்தால் சுரண்டினார். அடியில் விளக்கு எரிந்தது. பச்சை இல்லை, ஆரஞ்சு.

"இந்த டிஸ்க் போய் எத்தனை மாசம் ஆச்சோ. கெட்டுப்போனா பெட்டியே கத்தும். எவனோ அந்தச் சத்தத்தையும் நிறுத்தி வச்சிருக்கான். நாலுல ஒண்ணு போனாத் தாங்கும் டாக்டர். இப்ப சத்தம் போடுறது ரெண்டாவது. அதுவும் போனா உள்ள இருக்கறது அவ்வளவுதான்."

டாக்டர் கோபத்தில் கத்த மாட்டார். குரலைத் தாழ்த்துவார். தாளை எடுத்து மேடத்திடம் காட்டினார். "நேத்துக்கூட நாலுன்னு டிக் போட்டிருக்கீங்க. என்னத்தப் பாத்துப் போட்டீங்க?"

அந்தம்மா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

அந்தம்மாவின் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆயுத பூஜையன்று அத்தனை மெஷினுக்கும் பொட்டு வைப்பது என் கைதான். அன்று சந்தனம் நீர்த்துப்போய், மூன்றாவதில் வைத்தது வழிந்து விளக்கை மூடியதை நான் பார்த்தேன். பூஜைப் பொட்டை அன்றைக்கே துடைக்க மனம் வரவில்லை. மற்ற மூன்றும் எரிகிறதே, இதுவும் எரியும் என்று விட்டேன். அப்புறம் தினமும் தூசி தட்டும்போது அந்தப் பொட்டு கலையாமல் பார்த்துப் பார்த்துத் தட்டினேன்.

வாயைத் திறந்தால் சாவி போய்விடும். திறக்காவிட்டால் அந்தம்மா போய்விடுவார். நின்றேன். அறுபத்திரண்டு வந்தது. டக் என்றது. வெகு நேரம் கழித்து அறுபத்துமூன்று. மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஐயா, அந்தப் பொட்டு நான் வெச்சது."

"தெரியும்மா. எல்லாத்துக்கும் நீங்கதானே வைக்கிறீங்க."

"விளக்கு மேல வழிஞ்சத அன்னிக்கே பாத்தேங்க. துடைக்கல. அந்தம்மாவ உள்ள விடாததும் நான்தான்."

மேடம் திரும்பினார். "நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல டாக்டர். கண்ணாடி வழியாப் பாப்பேன். மூணுதான் தெரியும். நாலுன்னு போட்டுடுவேன். இவங்ககிட்ட சாவி கேட்டு நிக்கறதுக்கு வெறுப்பா இருக்கும்."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். பதில் சொல்வதற்குள் கரண்ட் போயிற்று.

பெட்டிக்குப் பேட்டரி இருந்தது, ஓடியது. ஏசிக்கு இல்லை. ஜெனரேட்டர் போடுகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டான். டாக்டரே ஓடினார். "சூடாகக் கூடாது, சூடாகக் கூடாது" என்றார் இன்ஜினியர். குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைப் பிய்த்து நான் விசிறினேன். இன்னொரு பக்கத்தை மேடம் பிய்த்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று விசிறினோம்.

"கை வலிச்சா நிறுத்துங்க" என்றார் மேடம் கொஞ்ச நேரம் கழித்து.

"எனக்கு வலிக்காது. உங்களுக்குத்தான் பேனா பிடிச்ச கை."

"ஆமா, டிக் போட்ட கை."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்தாறில் ஏசி திரும்ப ஓடியது. அதற்குப் பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. தொண்ணூற்றெட்டில் அரை மணி நேரம் நின்றது. நூறு வந்தபோது மணி ஏழு.

புதுப் பெட்டியில் டாக்டர் ஒரு நோயாளியின் எண்ணை அடித்தார். பெயர் வந்தது, ஊர் வந்தது, ஒத்துக்கொள்ளாத மருந்து சிவப்பு எழுத்தில் வந்தது. இன்னும் பத்து எண் அடித்துப் பார்த்தார். பழைய பெட்டியை அணைக்கச் சொன்னார். ஒரு தரம் சோதிக்க இன்ஜினியர் அதைத் திரும்பப் போட்டார். அது எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க" என்றார் டாக்டர். "சாவி மட்டும் இனிமே ரெக்கார்டு செக்‌ஷன்ல இருக்கட்டும்மா."

இடுப்பிலிருந்து அவிழ்த்து மேடத்தின் கையில் வைத்தேன். மேசையில் வைத்திருக்கலாம். கையில்தான் வைத்தேன்.

மறுநாள் காலை வராந்தாவைக் கண்ணாடிக் கதவு வரைக்கும் துடைத்துவிட்டு, வாளியோடு நின்றேன். மேடம் வந்து திறக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. வேண்டுமென்றே செய்தாரா, பஸ்தான் தாமதமா என்று நான் கேட்கவில்லை.