பெரியவள் விட்ட இடைவெளிகள்

பூதலூரிலிருந்து அக்காவின் தம்பி ஃபோன் செய்தபோது நான் காது பரிசோதனை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முதியவர். தலையில் ஹெட்ஃபோன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும்.

"அக்கா போயிட்டாங்கம்மா. காலையில."

நான் கருவியைத் தொடவில்லை. எந்தச் சத்தத்தையும் அனுப்பவில்லை. முதியவர் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அக்காவுடையது. தஞ்சாவூரில் காது கேட்கும் கருவி விற்கும் ஒரு சின்னக் கடை. அவர் அங்கே பரிசோதகர். எம்.ஏ. முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் நான் அங்கே வரவேற்பில் இருந்தேன். அவர் விடுப்பில் போன பிறகு அவர் வேலையையும் பார்த்துக்கொண்டேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஒலிப்பதிவுகளைக் கேட்கும் உங்களுக்கு அவர் ஒரு குரல். பெரியவள். பெயரை எழுத வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

முதல்முறையாக இங்கே வருபவர்களுக்காக. ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினால் நீங்கள் கட்டைவிரல் அளவு. பெரியவள் குனிந்து உங்களைக் கண்டுபிடிக்கிறாள். உள்ளங்கையில் ஏற்றிக்கொள்கிறாள். அவள் மூச்சு உங்கள் வலது காதிலிருந்து இடது காதுக்குப் போகிறது. ஒவ்வொரு பதிவிலும் இடம் மட்டும் மாறும். சமையல் மேடை, ரயில் ஜன்னல், கொடியில் காயும் துணி. நான் எழுதுவேன். அவர் பேசுவார். மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பரிசோதனை அறைக்குள் போவோம். வெளிச்சத்தம் புகாத அறை. ஏசி இரைச்சல் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவோம். உங்களை மாடிக் காற்றில் தூக்கி நிறுத்திய அந்தப் பெண்ணின் ரவிக்கை முதுகு முழுக்க வேர்வை.

கடைசியாக ஒன்று பதிவு செய்தோம். வரும் என்று அறிவித்தும் இருந்தேன். அதை வெளியிடச் சொல்லி எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். வெளியிடுவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

அக்கா உயரம். கடை வாசலில் தலை குனியாமல் நுழைய முடியாது. பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர், "மேல ஏறிக்கிறீங்களாக்கா, கூரையில இடம் கெடக்கு" என்றார். "ஏறிக்கிறேன். அரை டிக்கெட் போடுவியா?" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். இறங்கியதும் முதுகைக் கூனிக்கொண்டு நடந்தார்.

பெண் பார்க்க வந்த கதையை ஒரு மதியம் சொன்னார். எழுந்திருக்கவே கூடாது என்று அவர் அம்மா சொல்லியிருந்தாராம். காபித் தட்டைச் சித்தி கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா ஜெபமாலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். பையனின் அம்மா, "பொண்ணு ஏன் கூனிக்கிட்டு உக்காந்திருக்கு, முதுகுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

"எந்திரிச்சேன்டி. அவ்வளவுதான். காபி ஆறுறதுக்குள்ள கெளம்பிட்டாங்க."

பிறகு, "அந்த அம்மா என்னை அண்ணாந்து பாத்துச்சு பாரு. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார்.

பெரியவள் அங்கிருந்துதான் வந்தாள் என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை.

பெரியவளின் காலடிக்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது. பலகையில் செருப்பை அடித்துப் பார்த்தோம். "போலீஸ்காரன் மாடி ஏறுற மாதிரி இருக்கு" என்றார். பிறகு அவர் தம்பியின் வயலுக்குப் போனோம். நடவு நடந்துகொண்டிருந்தது. நான் வரப்பில் மைக்கைப் பிடித்துத் துப்பட்டாவால் காற்றை மறைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, புதைந்த காலை மெதுவாகப் பிடுங்கினார். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"என்ன தாயி, வயலுக்குப் பேட்டியா?"

"ஆமா சித்தி. நாத்து என்ன சொல்லுதுன்னு கேக்குறோம்."

"டீ இன்னும் வரலன்னு சொல்லுது. நல்லாப் பதிஞ்சுக்க. ஒன் தம்பி காதுல விழட்டும்."

எதிர் வரப்பில் நின்ற தம்பி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை பற்றிய பதிவில், பெரியவள் நடந்து வரும்போது மிகத் தொலைவில் ஒரு சிரிப்பு உண்டு. அது என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். டீ கேட்ட சிரிப்பு.

அதிகாரமாகப் பேச வேண்டிய இடங்களில் நான் ஆச்சரியக்குறி போட்டு எழுதுவேன். அவர் பேனாவால் அடித்துவிடுவார். "பெரிய ஆளு கத்த மாட்டா. அவ மூச்சு விட்டாலே கேக்கும்."

ஒரு பெரியவளின் கையில் சிறிதாகிவிடும் இந்த ஆசையை நான் பூசி மெழுகப் போவதில்லை. உங்களில் சிலருக்கு இது உடம்பின் ஆசையும்கூட. எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அதில் கூச்சமும் இல்லை, கேலியும் இல்லை. ஒருவர் தன்னை மிதித்து நசுக்கும்படி ஒரு பதிவு வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். அக்கா ஒரு கட்டு அப்பளம் வாங்கி வந்தார். மைக்குக்கு முன்னால் அதை நொறுக்கித் தெருவையே மிதித்தார். ஓடு உடைந்தது, கூரை சரிந்தது. கடைசி வீட்டின் முன்னால் நின்று பெரியவள் சொன்னாள்: "வீட்டை மிதிப்பேன். உன்னை மாட்டேன். வெளியே வா." அந்த மனிதர் பதில் எழுதினார். குவைத்தில் லாரி ஓட்டுகிறாராம். வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டதாக எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.

மிச்ச அப்பளத் தூளைப் பெருக்கியது நான். "சோத்துக்கு வச்சிருக்கலாம்" என்று அக்கா வருத்தப்பட்டார்.

இனி இடைவெளிகள். பெரியவள் கேள்வி கேட்பாள். "பயமா இருக்கா?" "கீழே என்ன தெரியுது?" பிறகு சும்மா இருப்பாள். நீங்கள் உங்கள் அறையில் பதில் சொல்லிக்கொள்வீர்கள். ஆரம்பத்தில் அந்த மௌனங்கள் சரியாக அமையவில்லை. நொடிகளை எண்ணி இடைவெளி விட்டுப் பார்த்தோம், செயற்கையாக இருந்தது. அப்போது அக்கா என்னை எதிரே உட்காரச் சொன்னார். "நீ பதில் சொல்லு. சத்தம் வரக் கூடாது. ஒன் வாயப் பாத்துக்கிட்டு அடுத்த வரிக்குப் போறேன்."

அன்றிலிருந்து எல்லாப் பதிவிலும் அப்படித்தான். நீங்கள் பேசிய மௌனங்களில் எல்லாம் ஏற்கெனவே நான் பேசியிருக்கிறேன். எழுதி வைத்த பதில்கள் அல்ல. வாய்க்கு வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சத்தமில்லாமல் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு உதடு படிக்கத் தெரியும். காது கேட்காதவர்களோடு பழகிய வேலை. எவ்வளவு புரிந்தது என்று அவர் சொன்னதில்லை. அவசரப்பட்டதும் இல்லை.

போன வாரம் உங்களில் ஒருவர், பழைய பதிவுகளிலிருந்து அவர் குரலைக் கணினியில் உருவாக்கி, புதிதாகப் பேச வைத்து எனக்கு அனுப்பினார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். குரல் அப்படியே இருந்தது. "பயமா இருக்கா?" என்று கேட்டது. கேட்ட உடனே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டது. முழுவதும் கேட்க முடியவில்லை. அவருக்கு நன்றி மட்டும் எழுதினேன்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் அக்கா ரயிலேறி வந்தார். மாத்திரையால் வாய் வறண்டு, ஒவ்வொரு சொல்லிலும் நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம் மைக்கில் விழுந்தது. ஒரு வரி, ஒரு மடக்குத் தண்ணீர். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் பேசினார்.

கடைசிப் பதிவில் பெரியவள் உங்களை ரயில் நிலையத்தில் கண்டெடுக்கிறாள். நடைமேடையிலிருந்து உயர்த்தி வயல்களைக் காட்டுகிறாள். கதிர் முற்றிய நிறம், நடுவில் தண்டவாளம், ஆற்றின் பக்கம் தென்னை. நான் எழுதியதைவிட அதிகம் சொன்னார். பிறகு எழுதியபடியே கேட்டார்.

"இறக்கி விடட்டுமா?"

நான் சத்தமில்லாமல் "ம்" என்று சொல்ல வேண்டும்.

"வேண்டாம்" என்றேன். வாய்விட்டு.

வேறு யார் சத்தம் விழுந்தாலும் கைதட்டி நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அன்று தட்டவில்லை. என்னைப் பார்த்தார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, மைக்குக்கு மிக அருகே, கொஞ்சமும் குரல் உயர்த்தாமல் சொன்னார்.

"கை வலிக்குதுடி."

அதோடு முடிகிறது. இன்னொரு முறை எடுக்கலாமா என்று கேட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

என் குரலை வெட்டிவிடலாம். அவருடைய அந்த வார்த்தைகளையும் வெட்டிவிட்டு, பழைய பதிவொன்றிலிருந்து ஒரு முடிவை ஒட்டிவிடலாம். ஒட்டு தெரியாது. இரண்டு மதியங்கள் முயன்றேன். தெரியவே இல்லை. அதனால்தான் ஒட்டியதை அழித்தேன்.

இன்று வெளியிடுகிறேன், அந்தக் கேள்வி வரைக்கும். அதற்குப் பிறகு மௌனம், எவ்வளவு வேண்டுமானாலும். உங்கள் பதிலை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்து வருவதை இங்கே எழுத்தில் சொல்லிவிட்டேன். குரலில் அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றுதான். கடை மூடியிருக்கும் மதியங்களில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்கிறேன். சொன்னது பெரியவளா, அக்காவா என்று இன்னும் பிடிபடவில்லை.