ஒராலியா பூசிய பச்சை

ஒராலியா ட்ரெவிஞ்ஞோவைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. சான் அந்தோனியோ நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஓடை பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்த காலத்தில், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பகலெல்லாம் குழந்தைத் துணி தைக்கும் ஆலையில் குனிந்திருப்பாள். சாயங்காலமானால் கதவு கதவாகத் தட்டிக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பாள். கதவைச் சாத்தினால் ஜன்னலில் தட்டுவாள். அப்படி ஒரு பிடிவாதம்.

ஆனால் பேரெல்லாம் தோமாசாவுக்குத்தான். தோமாசா பர்ராகன் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தவள். ஒட்ட வெட்டிப் பின்னால் வாரிய தலை, ஆண்பிள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா. அவள் வாயைத் திறந்தால் நகர மன்றத்துக்காரர்கள் நாற்காலியில் நெளிவார்கள். எழுபத்து நான்காம் வருஷ வெள்ளத்தில் ஊறி நாறிப்போன மெத்தைகளைத் தூக்கிக்கொண்டுபோய் நகர மன்றப் படிக்கட்டில் போட்டோம். நாற்பத்தொரு மெத்தை. அது ஒராலியாவின் யோசனை. பத்திரிகைக்காரன் தோமாசாவின் யோசனை என்று எழுதினான். ஒராலியாவுக்குக் கோபமே வரவில்லை. வாய் அவளுது, கால் என்னுது, ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தானே போகுது என்று சிரித்தாள்.

ஒரே வீடுதான். முப்பத்தொரு வருஷம் ஒரே வீடு, ஒரே கட்டில். தெருவுக்கே தெரியும். ஓடைக்குக் கரை கட்ட வைத்தவர்களை முகத்துக்கு நேரே பேச யாருக்கும் துணிச்சலில்லை, அதனால் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன், மறைப்பானேன்.

தோமாசா செத்தபோது எல்லார் லட்சணமும் தெரிந்தது. மாதாகோயிலில் அடக்கப் பூசைக்கு முதல் வரிசை அவள் தம்பி எலிசியோவின் குடும்பத்துக்கு. ஒராலியாவுக்கு ஆறாவது வரிசை. மறுநாள் காலையில் எலிசியோ லாரியோடு வந்து, அக்காள் வாங்கிய சாமான் என்று ஃபிரிட்ஜையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போனான். ஒராலியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எத்தனை கதவைத் தட்டியிருப்பாள்! அன்றைக்கு ஒரு கதவு திறக்கவில்லை. என் கதவும்தான்.

ஆறு வருஷம் கழித்துத் தெருவுக்குப் புத்தி வந்தது. தோமாசாவைச் சுவரில் வரைய வேண்டும் என்று நாலு பெண்கள் சேர்ந்து ஒரு குழு போட்டோம். அதில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கத்தில் சுவர்ப்படத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓவியக்காரி கோடு மட்டும் போட்டு, கட்டம் கட்டமாக எண் எழுதுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருச்சனமே வந்து ஆளுக்கொரு எண்ணில் வண்ணம் பூசும். சுவரைக் கொடுத்தவர் சொல்வதுதான் கடைசிச் சொல், அதுவும் வழக்கம். தெருவில் பெரிய சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எலிசியோவின் ரொட்டிக்கடைச் சுவர்.

ஓவியக்காரி இட்ஸெல் நல்ல பெண். அவளாகவே ஒராலியாவிடம் போய்ப் புகைப்படம் கேட்டு வாங்கினாள். மெத்தைக் குவியல்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிற படம். தோமாசாவின் கை ஒராலியாவின் தோளில். அதை அப்படியே வரைந்து கொண்டுவந்தாள். நானும் வருவேனா, அவ பக்கத்துல வருவேனா என்று ஒராலியா பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு அதற்கு முன்னும் பின்னும் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

எலிசியோ படத்தைப் பார்த்தான். அக்காளை மட்டும் போடு, தலைமுடியைக் கொஞ்சம் நீட்டிவிடு, பக்கத்தில் இருக்கிறதை எடுத்துவிட்டு ஒரு கள்ளிச்செடி வை என்றான். கடைக்குக் குடும்பங்கள் வந்து போகிறார்களாம். இட்ஸெல் அழுதாள். நான்தான் எழுந்து, ஒராலியா இல்லாமல் என்ன தோமாசா என்று சண்டைக்குப் போனேன். எலிசியோ குரலை உயர்த்தவே இல்லை.

“நியெவெஸ், உனக்கும்தான் கல்யாணம் ஆகல. இதுல உனக்கென்ன இவ்வளவு அக்கறை?”

மற்ற மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்தப் பார்வைக்குப் பயந்தே வாழ்நாளை ஓட்டியவள். கள்ளிச்செடிக்குச் சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். தூக்கினேன்.

ஒராலியாவிடம் யார் சொல்வது? நீ சொல், நீ சொல் என்று தள்ளிக்கொண்டே இருந்தோம், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நிறம் தெரியும், ஆள் அசைவது தெரியும், கோடு தெரியாது. கண்ணில் கத்தி வைக்கப் பயந்து வருஷக்கணக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு வந்தவள். இஸ்திரி போட்ட ரவிக்கையும் குடையுமாக எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை எங்கடி போட்டிருக்காங்க?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள், எலிசியோ மேஜைமேல் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். அவள் கையைப் பிடித்துக் கள்ளிச்செடிமேல் வைத்தேன்.

“இங்கதான்க்கா. அவங்க பக்கத்துல.”

“போட்டோ எடுத்த அன்னைக்கு மஞ்சள்ல போட்டிருந்தேன். இது என்ன கலரு?”

“பச்சை. இட்ஸெல் மாத்திட்டா.”

“பச்சை எனக்கு எடுக்கவே எடுக்காதேடி” என்று சிரித்துக்கொண்டே தூரிகையை வாங்கினாள். மூன்று மணிநேரம் வெயிலில் நின்று பூசினாள். ஏணியில் ஏறிப் பூச வேண்டிய இடத்தை மட்டும் பக்கத்திலிருந்தவர்களிடம் கொடுத்து, என் கழுத்துகிட்ட பாத்துப் பூசுங்கப்பா என்று சொன்னாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எலிசியோவின் பெண்டாட்டி காபியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து, நல்லா வந்திருக்கு ஒராலியா, அப்படியே நீதான் என்றாள். சண்டாளி. இட்ஸெல் வண்ண டப்பாக்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு எங்கள் பக்கம் அவள் எட்டிப்பார்க்கவில்லை.

திறப்பு விழாவில் எலிசியோ பேசினான். என் அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை, இந்தத் தெருதான் அவளுக்குக் குடும்பம் என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். ஒராலியாவும் தட்டினாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் தானாகவே பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கண் ஆபரேஷனுக்கு எழுதிக்கொடுத்தாள். அவ்வளவு பயந்தவள். ஏனென்று கேட்டதற்கு, அவ பக்கத்துல நான் எப்படி இருக்கேன்னு பாக்க வேணாமா என்றாளாம். தெரு முழுக்க அதைக் கேட்டது. ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷனுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

கட்டு அவிழ்த்த மூன்றாம் நாள் தனியாக ரொட்டிக்கடைக்கு நடந்து போயிருக்கிறாள். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றாள் என்று கடையிலிருந்தவர்கள் சொன்னார்கள். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சரியாகப் பார்க்கிறாள்.

“அந்தக் கள்ளிச்செடிக்கு எத்தனை பேரு கை தூக்குனாங்க?”

“நாலு பேருக்கா.”

“குழுவுல மொத்தம் எத்தனை பேரு?”

அவள் காத்துக்கொண்டு நின்றாள். பதில் வாங்காமல் எந்த வாசலையும் விட்டுப் போனவள் இல்லை அவள்.

“நாலு பேரு” என்றேன்.

சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். அதன்பிறகு நாலு வருஷம் உயிரோடு இருந்தாள். எதிரே வந்தால் வணக்கம் சொல்வாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள், எல்லாரிடமும் கேட்பதுபோலவே.