வரைபடத்தில் காணாமல் போன சாமை

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்று எண்ணுவதுதான் என் வேலை. அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களைக் கணினி அருகருகே புள்ளிகளாக வைக்கும். புள்ளிகள் நெருங்கிக் கூடும் இடம் ஒரு துறை. ஜவ்வாது மலைமேல் ஒரு சின்னப் பயிர் ஆராய்ச்சி நிலையம், ஆறு மாத ஒப்பந்தம். என்னைப் போல ஒப்பந்தத்தில் காலம் தள்ளுபவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பெரிய தீவு

இது நான் பார்த்ததல்ல. சேர்ந்த முதல் நாள் சீனியர் கவிதா அக்கா சொல்லிக் கேட்டது. முன்பு இதே வேலையில் இருந்த ஒருவர் போட்ட வரைபடத்தில், பெரிய தீவு போல ஒரு புள்ளிக் கூட்டம் வந்ததாம். புதுத் துறை பிறந்துவிட்டது என்று நிலையத் தலைவரான சார் ஒரு கூட்டத்தில் அறிவித்தே விட்டாராம். யாரோ எழுந்து, அந்தத் தீவிலிருந்த சொற்களைப் படித்திருக்கிறார்: பதிப்புரிமை, வெளியீட்டாளர், உரிமைகள். ஒவ்வொரு கட்டுரைச் சுருக்கத்தின் அடியிலும் பதிப்பகம் அச்சடிக்கும் வரி அது. அதை நீக்காமல் எண்ணியிருக்கிறார் அந்த ஆள்.

நான் அவசரமாகக் கேட்டேன். "அப்புறம் அவரு இன்னா ஆனாருக்கா?"

"அன்னிக்கே மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. நீ பாத்து செய் தம்பி."

கோவிந்தம்மாவின் கேள்வி

ஐந்தாம் மாதம், மலைப் பயிர்களைப் பற்றிய வரைபடத்தை முடித்தேன். அதைப் பார்த்துத்தான் அடுத்த பருவத்தில் எந்தப் பயிருக்கு நிலம் ஒதுக்குவது என்று வெள்ளிக்கிழமை ஒரு குழு முடிவு செய்யும். சார் அதைக் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டினேன்.

நிலையத்தில் களையெடுக்க வரும் கோவிந்தம்மா வந்து நின்றார். வீட்டில் சாமை போடுகிறவர். "இன்னா சாரு இது, கோலமா?" என்றார். உலகத்தில் மலைப் பயிர்களைப் பற்றி எழுதியதெல்லாம் இதில் இருக்கிறது என்றேன். "அப்ப சாமைய காட்டு." தேடினேன். மேலே, கீழே, ஓரத்தில். இல்லை. ஓட்ஸ் இருக்கிறது, சாமை இல்லை என்றேன்.

"ஓட்ஸ் இருக்குதுன்ற, சாமை இல்லன்ற. இந்த மலையில எவன் சாரு ஓட்ஸ் துன்றான்?"

கையைக் கட்டிக்கொண்டு

அன்றே தவறு தெரிந்துவிட்டது. சாமையை ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு பெயரில் சொல்லும்: ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர், ஊர்ப் பெயர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே பெயராகச் சேர்த்துவிட்டு, பிறகு பத்துக் கட்டுரைக்குக் குறைவாக வரும் சொற்களை நீக்க வேண்டும். நான் முதலில் நீக்கிவிட்டேன். தனித்தனியாக எந்தப் பெயரும் பத்தைத் தொடவில்லை, எல்லாம் போயிற்று.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சாமைக்கு நிலமும் கிடைக்காது. சொன்னால் எனக்கும் மூட்டைதான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஒடுகத்தூரில் ஆட்டோ ஓட்டும் அப்பா, ஏறுகிறவர்களிடமெல்லாம் என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாரின் அறை வாசலில் இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாம் முறை உள்ளே போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்குப் புதுப் படம் வேணும், குழுவுக்கு நானே சொல்லிக்கிறேன். தப்பு பண்ணா ஏம்பா எல்லாரும் இதே மாதிரி கைய கட்டிக்கினு வந்து நிக்கிறீங்க?"

பழைய கோப்பு

புதுப் படத்தில் சாமை நட்டநடுவில் வந்தது, 'வறட்சி'க்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை அதற்கும் நிலம் ஒதுக்கினார்கள். என் ஒப்பந்தமும் நீண்டது.

'எல்லாரும்' என்று சார் சொன்னது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய கோப்புகளைத் தேடி, அந்தப் பெரிய தீவைத் திறந்தேன். உருவாக்கியவர் பெயர்: கவிதா. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் டீ டம்ளரோடு நின்றிருந்த அக்கா சிரித்தார்.

"என் கதைன்னு சொல்லியிருந்தா நீ பயந்திருப்பியா?"

பிறகு பணியாளர் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டேன்: அக்காவுக்கு முன் இந்த வேலையில் யாருமே இருந்ததில்லை, ஆக ஐந்து மாதம் நான் நடுங்கியதெல்லாம் கட்டப்படாத ஒரு மூட்டையை நினைத்துத்தான்.