காம்பருக்குள் ஒரு கைஷவர்

கழிவறையில் தண்ணீர் இல்லாத இடத்தில் என் மனைவி இரவு தங்கமாட்டாள். சுவிஸுக்கு வந்து இத்தனை வருடமாகியும், கடதாசி மட்டும் தொங்கும் கழிவறைகளோடு அவளுக்கு ஒத்துப்போகவில்லை. எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டுக் கழிவறையில் எப்போதோ நானே ஒரு கைஷவர் பூட்டிவிட்டேன். வெளியில் போகும்போது அவளுடைய கைப்பையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். எந்தப் பயணமும் பகலோடு முடிந்துவிடும்.

மகன் சமையல் வேலை பழகி முடித்து, எங்கடின் என்ற உயர்ந்த மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலுக்குக் கோடைகால வேலைக்குப் போனான். அவனுக்குத் திங்களும் செவ்வாயும் லீவு. வீட்டுக்கு வந்து திரும்பினால் லீவில் பெரும்பகுதி ரயிலிலேயே போய்விடும் என்று அவன் வருவதில்லை. நாங்கள்தான் போக வேண்டும். அவளுக்கோ வெறுமனே போய்ப் பார்த்தால் போதாது. தன் கையால் சமைத்துக் கொடுக்க வேண்டும். அதற்காகவே பழைய காம்பர் வான் ஒன்றை வாங்கினேன். கட்டில், அடுப்பு, அலுமாரி அளவில் ஒரு கழிவறை, எல்லாம் அதற்குள் இருந்தன.

வாகனம் வந்த அன்று அவள் ஏறி, முதலில் கழிவறைக் கதவைத்தான் திறந்தாள்.

"தண்ணி எங்க?"

"அந்தப் பட்டனை அமத்தினா வரும்."

"அது கிண்ணத்தைக் கழுவ. எனக்கு?"

"கைஷவர் ஒண்டு பூட்டித் தாறன். வீட்டில பூட்டினதுமாதிரித்தான்."

"வீட்டில பூட்டின கிழமை கீழ்வீட்டு மனிசி முகட்டால ஒழுகுதெண்டு வந்து நிண்டவ. ஞாபகம் இருக்கோ?"

"இதுக்குக் கீழ ஒருத்தரும் இல்லைத்தானே."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு இரவுக்கு வாறன். தண்ணி பிழைச்சுதெண்டா, நான் விடிய ரெயின் எடுத்து வீட்ட வந்திடுவன். பிறகு என்னை இதுக்குள்ள ஏறச் சொல்லிக் கேக்கக்கூடாது" என்றாள்.

மகனுடைய இரண்டு நாள் லீவுக்கும் அங்கே நிற்க எனக்கு விருப்பம். அதை அப்போது சொல்லவில்லை. முதல் இரவு ஒழுங்காகக் கழியட்டும் என்று நினைத்தேன்.

வேலை பெரிதல்ல, ஆனால் இடம் சிறியது. கைகழுவும் தொட்டிக்குக் கீழே தலையையும் ஒரு கையையும் மட்டும்தான் நுழைக்க முடியும். அங்கே குளிர்நீர் வரும் குழாயை வெட்டி, மூன்று வாயுள்ள இணைப்பு ஒன்றை இடையில் வைத்து, மூன்றாவது வாயிலிருந்து கைஷவருக்குக் குழாய் இழுத்தேன். வீட்டில் இருப்பது போன்ற கைஷவரைத்தான் முதலில் பூட்டினேன். அது பாய்ந்த வேகத்தில், கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் கழிவுப்பெட்டி உடனே பாதி நிறைந்துவிட்டது. காம்பரில் கழுவும் தண்ணீரும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் போகிறது. ஆகவே மெல்லிய தாரையாக வரும் இன்னொன்றைத் தேடி வாங்கி மாற்றினேன்.

பிறகு சோதனை. குழாய்களில் அழுத்தம் குறைந்தால் காம்பரின் பம்ப் தானாக ஓடும். எங்காவது கசிந்தால், யாரும் தண்ணீர் திறக்காமலே அது இடைக்கிடை 'டுர்' என்று ஒரு சத்தம் போட்டு நிற்கும். எல்லா இணைப்புகளிலும் கழிவறைக் கடதாசியைச் சுற்றிவிட்டு, வாகனத்துக்குள் ஒரு பகல் முழுவதும் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். பம்ப் சத்தம் போடவில்லை. கடதாசி நனையவில்லை. அதை அப்படியே சுற்றி விட்டுவைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். பின்னேரம் எங்கடினில், ஆற்றோரம் காம்பர்களுக்கென்று இருந்த காம்பிங்கில் வாகனத்தை நிறுத்தினோம். மகனுக்கு அன்று வேலை; மறுநாள் காலை வருவதாகச் சொல்லியிருந்தான். அவள் கைஷவரைத் திறந்து பார்த்துவிட்டு, தன் துவாயை அதன் பக்கத்தில் கொளுவினாள். அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

படுத்தபோது ஹீட்டரின் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பம்பின் சத்தம் கேட்காது. என் இணைப்புக் கசிந்தால் எனக்குத் தெரியவராது. எழுந்து ஹீட்டரை நிறுத்தினேன்.

"குளிருமே?" என்றாள்.

"ரெண்டு போர்வை கிடக்கு."

காது கொடுத்தபடியே நித்திரையாகிவிட்டேன். வெளிச்சம் வரும் நேரம் அவள் என் தோளை உலுக்கினாள்.

"இஞ்சருங்கோ, உங்கட பம்ப் கத்துது."

பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பாய்ந்துபோய் அதன் சுவிச்சை அணைத்தேன். தண்ணீர்த்தாங்கி வெறுமை. தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். கடதாசி காய்ந்திருந்தது. நம்ப முடியாமல் கிளிப்புகளைக் கழற்றி, இணைப்பையே வெளியே எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

இதற்குள் அவள் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கியிருந்தாள். ரயில் நிலையத்துக்குத்தான் போகிறாளோ என்று எனக்கு ஒரு பயம். ஆனால் வாகனத்தைச் சுற்றிவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னப்பா, நீங்கள் பூட்டின பக்கம் நிலம் காய்ஞ்சு கிடக்கு. தண்ணி மற்றப் பக்கத்தால போயிருக்கு. கட்டிலுக்குக் கீழ என்ன இருக்கு?"

கட்டிலுக்குக் கீழே தண்ணீர் சூடாக்கும் பொயிலர் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நீலக் குமிழ் மேலே எழும்பி நின்றது. வாகனத்தை விற்றவர் அந்தக் குமிழைக் காட்டிச் சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. நல்ல குளிர் வந்தால், தண்ணீர் உறைந்து பொயிலர் வெடிக்காமலிருக்க, அது தானாகத் திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடும். நான் அதைப் பனிக்காலத்துச் சங்கதி என்று ஒதுக்கி வைத்திருந்தேன். எம்மன்புரூக்கேயில் அப்போது அரைக்கைச் சட்டையோடு திரிந்தோம்; இங்கே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

"அப்ப ஹீட்டரை நிப்பாட்டினதாலதான்?"

"ஓம்."

"ஒழுகுதோ எண்டு கேக்கிறதுக்காக நிப்பாட்டினது?"

"ஓம்."

அவள் துவாய்களுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் ஜக்கை எடுத்தாள். வீட்டிலிருந்தே ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

"உங்களை நம்பி வெறுங்கையோட வருவனோ?" என்று சொல்லிவிட்டு, காம்பிங்கின் தண்ணீர்ப் பைப்படிக்குப் போனாள்.

குமிழை அமத்தினேன். கையை எடுத்ததும் எழும்பியது. சூடு ஏறாமல் அது மூடாது. ஹீட்டரைப் போட்டேன், அந்த மூலைக்குச் சூடு வருவதாயில்லை. அவள் ஜக்கில் கொண்டுவந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு தேத்தண்ணி ஊற்றி, மீதியைப் போத்தலில் விட்டுத் துவாயால் சுற்றித் தந்தாள். அதைக் குமிழோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன். குடித்து முடித்துக் குமிழை அமத்தியபோது அது உள்ளேயே நின்றது.

தாங்கியை நிரப்பிப் பம்பைப் போட்டேன். இப்போது உண்மையாகவே கசிந்தது. காலையில் காரணமில்லாமல் நான் கழற்றிய இணைப்புத்தான்.

"நல்லாக் கிடந்ததைக் கழட்டி..." என்று தொடங்கியவள், மிச்சத்தைச் சொல்லாமல் கைவிளக்கைப் பிடித்தாள். கிளிப்புகளைத் திரும்ப இறுக்கி, புதுக் கடதாசி சுற்றினேன்.

மகன் வந்ததும் நேரே கழிவறைக்குள் போனான். உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"அம்மா! இதுக்குள்ள ஷவர் இருக்கு!"

"அப்பா பூட்டினவர்."

"ஒழுகாதோ?"

"இப்ப ஒழுகாது" என்றாள்.

வெளியே வந்தவன், ஹோட்டலில் தாங்கள் தங்கும் அறைக்கும் ஒன்று பூட்டித் தருவேனா என்று கேட்டான். "அங்கயும் கீழ ஆக்கள் இருக்கினமோ எண்டு முதல் கேட்டுப்போட்டுப் பூட்டச் சொல்லு" என்றாள் அவள். இந்த முறை அவளும் சிரித்தாள்.

மத்தியானம் கோழிக்கறியும் சோறும். மகன் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டான். எப்போது புறப்படுகிறோம் என்று கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அவள் மிஞ்சின கறியை மூடி, குளிர்ப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டே மகனிடம் சொன்னாள்.

"நாளைக்கும் லீவுதானே? காலமை இஞ்ச வந்து சாப்பிடு. இடியப்பம் அவிக்கிறன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இண்டைக்கு ஹீட்டரை நிப்பாட்டிப் பாருங்கோ, சொல்லுறன்."