நெய்தலுக்கு நோட்ஸ் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நடந்தது. குருவானவர் பிரசங்கத்தை ஆரம்பித்து, "இன்றைக்கு மூன்று காரியங்களைத் தியானிப்போம்" என்றார். வழக்கம்போல் வரிசை வரிசையாகப் பேனாக்கள் வெளியே வந்தன. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி எஸ்தர் மட்டும் நோட்டைத் திறக்கவே இல்லை. சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதிலென்ன இருக்கிறது என்கிறீர்களா? எஸ்தர் நம் தென்மாவட்டத்து நாசரேத்துக்காரி. சண்டே ஸ்கூல் வயதிலேயே பிரசங்கக் குறிப்பு எடுக்கப் பழகியவள். முக்கால் மணி நேரப் பிரசங்கம் — தலைப்பு ஒன்று, பாயிண்ட் மூன்று. அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், எதையுமே மூன்றாகத்தான் சுருக்குவாள். நான் ஒரு மணி நேரம் புலம்பினாலும், "பசி, தூக்கம், ஆபீஸு... வேற ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிடுவாள்.

கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்பு டீச்சர் அவள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மீன்பிடிக்கிறவர்கள் பிள்ளைகளும் உப்பளத்துப் பிள்ளைகளும் அவளிடம்தான் அ, ஆ எழுதப் பழகினார்கள். இப்போது திடீரென்று, பழைய டீச்சர்களும் தகுதித் தேர்வில் பாஸ் பண்ணியாக வேண்டுமாம். கெடுவுக்குள் முடியாவிட்டால் வேலை போய்விடும்.

சரி, படித்தாள். சமையலுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் நோட்ஸ் எடுத்தாள். பாடம் எத்தனை பக்கமானால் என்ன... பாயிண்ட் மூன்று. ஐவகை நிலங்கள் என்று தலைப்பு போட்டு குறிஞ்சி, முல்லை, மருதம் என்று முடித்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"பாலையும் நெய்தலையும் காணுமே எஸ்தர்?"

"பாலைக்குன்னு தனி நெலமே கெடையாதுன்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கு. நெய்தல் நம்ம ஊருல்லா? கதவத் தொறந்தா உப்புக் காத்து அடிக்கி. இத எழுதி வச்சா படிக்கணும்?"

நியாயம்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது.

பரீட்சையில் கேட்டுவிட்டான். நெய்தலின் உரிப்பொருள் எது? உரிப்பொருள் என்றால், இன்ன நிலத்துக்கு இன்ன உணர்வு என்று இலக்கணம் ஒதுக்கி வைத்திருப்பது. நான்கு ஆப்ஷன் — இருத்தல், ஊடல், பிரிதல், இரங்கல். இருத்தல் முல்லைக்கு, ஊடல் மருதத்துக்கு என்று அவள் நோட்ஸிலேயே இருந்தது. இரண்டையும் தள்ளிவிட்டாள். மிச்சம் இரண்டு.

ஹாலை விட்டு வெளியே வந்ததும் சொன்னாள்: "கடல்னா பிரிவுதானங்க? ஹார்பர்ல கப்பல் கெளம்பிப் போகுது. காயல்பட்டினத்துல பாதி ஆம்பளைங்க வெளிநாட்டுல கெடக்காவ. எங்கிளாஸ்ல பாதிப் பிள்ளைக்கு அப்பன் கடல்மேல. பிரிதல்னு போட்டுட்டேன்."

விடை, இரங்கல். அதாவது, கரையில் இருந்துகொண்டு மனம் உடைந்து புலம்புவது. பிரிதல் பாலைக்காம்.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. ஒரு மார்க்கில் போயிற்று.

முக்கியமானதை எழுது, தெரிந்ததை விடு என்று யூடியூபில் ஆளாளுக்கு நோட்ஸ் எடுக்கச் சொல்லித் தருகிறார்கள். எது தெரிந்தது, எது தெரியாதது என்று படிக்கும்போது யாருக்குத் தெரிகிறது? அதைக்கூட விடுங்கள். இருபது வருஷ வேலையை ஒரு மார்க்காகச் சுருக்கினார்களே, அதில் எத்தனை பாயிண்ட் விட்டுப்போயிற்று என்று யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆத்திரப்பட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது குருவானவர் என்னிடம், "டீச்சர் இன்னைக்குக் குறிப்பே எடுக்கலியே?" என்றார். ரிசல்ட் விஷயம் அவருக்குத் தெரியாது.

"ஐயா, நீங்க எப்பவாவது நாலு பாயிண்ட் சொல்லிப் பழக்கியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நாலாவதுக்கு சபை தாங்காது அண்ணாச்சி. பாதிப் பேரு கறி வாங்கக் கெளம்பிருவாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எஸ்தர் கேட் பக்கம் போய்விட்டாள்.

கெடு முடிவதற்குள் இன்னொரு தடவை எழுதலாம். வீட்டுக்கு வந்ததும் சொல்லிப் பார்த்தேன்.

"எழுதி? இனி சுருக்குததுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?" என்றாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்து சேலைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். இன்னாருக்கு 'ழ' வராது, இன்னாருக்குக் கூட்டலில் மிச்சம் மறந்துபோகும், இன்னாள் காலையில் சாப்பிடாமல் வருவாள், புதுசாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்வார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிச் சொல்லி அழுதாள். மூன்றோடு நிறுத்தவில்லை.

நெய்தலின் உரிப்பொருள் எது என்று இப்போது எங்கள் வீட்டில் வந்து கேளுங்கள்... ஆப்ஷன் எதுவும் கொடுக்க வேண்டாம்.