ஊதா நிறத்துக்குள் ஒரு வழி

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வரவிருந்த தொழிற்பேட்டைக்கு நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்த நிலத்தில் தொழிற்சாலை வரலாம், எங்கே வீடு கட்டலாம், பள்ளிக்கூடம் எங்கே, எது பயிர் நிலமாகவே இருக்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதுதான் வேலை. நான் அரசாங்கத்தில் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. குடும்பம் திருவள்ளூரில் வாடகை வீட்டில் இருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊத்துக்கோட்டை வழியாக அலுவலக ஜீப்பில் போய்வருவேன். முதுகு வலிக்கும். ஆனாலும் அந்த நாட்களை நான் மிகவும் விரும்பினேன்.

வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் வேலையை வரைவாளரிடம் கொடுக்காமல் நானே செய்தேன். தொழிற்சாலைக்கு ஊதா, வீடுகளுக்கு மஞ்சள், பயிருக்குப் பச்சை, ஏரிக்கு நீலம். முடித்துச் சுவரில் மாட்டியபோது ஒரு கோணல் இல்லை, ஒரு கறை இல்லை. இரண்டு நாள் அதை அடிக்கடி எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திட்டத்தை முடிவு செய்வதற்கு முன் ஊர்க்காரர்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரைபடத்தை மாட்டினோம். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் மனுக்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் நிலத்தை ஏன் ஊதாவாக்கினீர்கள் என்று கேட்டார்கள். மீதிப் பேர் தங்கள் நிலத்தை ஏன் ஊதாவாக்கவில்லை என்று கேட்டார்கள்.

கூட்டம் கலையும் நேரத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்தாள். புடவை ஓரத்தில் சிமெண்ட் காய்ந்திருந்தது. முன்பு வயல் வேலை செய்தவள், இப்போது தொழிற்சாலைக் கட்டடத்தில் கலவை சுமப்பவள் என்று கர்ணம் என் காதருகில் சொன்னார். அவளோடு வெள்ளை ஜிப்பா போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். அவர் அவள் குடியிருந்த காலனியின் சிறிய தேவாலயத்து உபதேசியார்.

அவளிடம் மனு எதுவும் இல்லை. நேராக வரைபடத்தின் முன் போய் நின்றாள்.

“எங்க காலனி எங்க கீது சார்?”

காட்டினேன்.

“ஏரி?”

அதையும் காட்டினேன். ஏரிக்கரையை ஒட்டியிருந்த ஒரு சின்னக் கட்டத்தில் விரலை வைத்தாள். “இது இன்னா?”

“சுடுகாடும்மா. பக்கத்துல கல்லறைத் தோட்டம். ரெண்டும் அப்படியே இருக்கும். யாரும் தொடமாட்டாங்க.”

“இருக்கட்டும் சார். பொணத்த எப்டி எடுத்துக்கினு போறது? பறந்துக்கினா?”

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காலனியின் மஞ்சளுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில், நான் அத்தனை கவனமாகத் தீட்டிய ஊதா, ஒரு இடைவெளிகூட இல்லாமல் பரந்து கிடந்தது.

வருவாய்த் துறைப் படத்தில் அங்கே பாதை எதுவும் கிடையாது. இதுநாள்வரை ஜனங்கள் வரப்பு மேலேயே நடந்து போயிருக்கிறார்கள். நிலத்துக்காரர்களும் ஒன்றும் சொன்னதில்லை. படத்தில் இல்லாததை நானும் பார்க்கவில்லை. இனி மனைகளுக்கெல்லாம் மதில் எழும்பிவிட்டால், சாவு விழுந்தால் நெடுஞ்சாலைக்கு ஏறி, எளாவூர் சோதனைச் சாவடிக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

“நாளைக்கு வந்து நேர்ல பாக்கறேன்” என்றேன்.

“நான் வேலைக்குப் போவணும். ஏழு மணிக்கு முன்ன வா சார்” என்றாள்.

மறுநாள் காலை பயணியர் விடுதியிலிருந்து கிளம்பி, நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கும் ஊழியர் ஒருவரோடு போய்ச் சேர்ந்தேன். அவளும் உபதேசியாரும் காலனி முனையில் காத்திருந்தார்கள். கையில் தூக்குப் பாத்திரத்தோடு அவள் முன்னால் வேகமாக நடந்தாள். என் செருப்பு ஈர மண்ணில் ஒட்டிக்கொண்டு கழன்றது. கொஞ்ச தூரத்தில் முள்கம்பி வேலி வந்தது. ஒரு தொழிற்சாலை முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்த நிலம்.

அவள் கீழ்க் கம்பியைத் தொட்டுக் காட்டினாள்.

“போன மழைக்கு எங்கூட்டுக்காரரு பூட்டாரு சார். அப்பதான் இந்த வேலி போட்டாங்க. நாலு பேரு கம்பிய தூக்கிப் புடிச்சிக்கினு, பாடைய கீழ தள்ளி அந்தாண்ட இஸ்த்தாங்க. அந்த மனுசன் உசுரோட இருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பாரு.”

சொல்லும்போது அவளே லேசாகச் சிரித்தாள். நான் குனிந்து அந்தக் கம்பியைத் தூக்கிப் பார்த்தேன்.

உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எங்க சவப்பெட்டி கம்பிக்கு அடியில நுழையலீங்க ஐயா. அதனால ஒரு தடவை கம்பிய அறுக்க வேண்டியதாப் போச்சு. தப்புதான்.”

“அதை நான் குறிச்சுக்கலை” என்றேன். அவர் முகம் தெளிந்தது.

வேலியைச் சுற்றிக்கொண்டு போனபோதுதான் அந்தக் கால்வாய் கண்ணில் பட்டது. ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் ஓடுவதற்கான போக்குக் கால்வாய். இரண்டு பெரிய மனைகளுக்கு நடுவே காலனிப் பக்கத்திலிருந்து கரைவரைக்கும் நேராகப் போயிற்று. கால்வாயை ஒரு பக்கமாக ஒதுக்கி வெட்டிவிட்டு, அதன் ஓரமாகப் பாதைக்கு இருபது அடி கிடைத்தால் போதும். சங்கிலியைப் போட்டு அளந்தோம். ஒரு மனையில் பன்னிரண்டு அடியும் மற்றதில் எட்டு அடியும் எடுத்தால் சரியாக வந்தது. அங்கேயே சேற்றில் நின்றபடி பென்சிலால் கோடு போட்டேன். அவள் எட்டிப் பார்த்து, “அம்மாந்தானா?” என்று கேட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

அம்மாம் சுலபமாக முடியவில்லை. எட்டு அடி கொடுக்க வேண்டிய ஆள் உடனே ஒப்புக்கொண்டார். வேலி போட்ட தொழிற்சாலையின் மேலாளர்தான் கையைப் பிசைந்தார். நல்ல மனிதர்தான். முதலாளிக்குப் பயந்தவர்.

“எங்க ஐயா நாள் பார்த்து பூஜை போட்டு ஆரம்பிச்சிருக்கார் சார். கண்ணு முன்னால பாடை போனா என்னைத்தான் கேப்பார்.”

வரைபடத்தை அவர் மேஜைமேல் விரித்தேன். “உங்க கேட் மேற்கே இருக்கு. பாதை கிழக்கே, உங்க கிடங்குக்குப் பின்னால. மதில் கட்டிட்டா ஒண்ணுமே தெரியாது.”

“மேளம் அடிப்பாங்களே?”

“உங்க மெஷின் ஓடறப்போ அது காதுல விழுமா?”

அவர் யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு நாஷ்டா வாங்கிவரச் சொன்னார்.

சென்னையில் என் மேலதிகாரி திருத்திய வரைபடத்தைப் பார்த்தார். கோப்பில் ‘பொது நடைபாதை’ என்று எழுதியிருந்தேன்.

“ஃபேக்டரிக்கு நடுவுல நடைபாதையா? யாருய்யா நடக்கப் போறா?”

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பாடையை வேலிக்கு அடியில் தள்ளிய கதையைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பச்சை மசியில் சுருக்கொப்பம் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதை ஒரு வெற்றிச் செய்தி மாதிரிச் சொன்னேன். என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, பதினைஞ்சு வருஷமா ஊர் ஊரா வரையறீங்களே. முன்ன வரைஞ்சதுல எல்லாம் இப்படி வழி விட்டிருக்கீங்களா?”

அடுத்த வாரமே பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டில் இதே பிசகு இருந்தது. ஒன்றை எழுதித் திருத்த முடிந்தது. இன்னொன்றில் கட்டடங்கள் எழும்பிவிட்டிருந்தன. அந்த ஊரில் என்ன செய்கிறார்களோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சுடுகாட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று முதலில் கேட்பேன். அபசகுனம் பிடித்த ஆபீசர் என்று எனக்குப் பெயர் வந்தது. அதைக் கேட்டு நான் வருத்தப்படவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போனேன். தொழிற்சாலைகள் ஓடத் தொடங்கியிருந்தன. இரண்டு மதில்களுக்கு நடுவே என் இருபது அடி இருந்தது. காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள்கள் வரிசையாக மணி அடித்துக்கொண்டு போயின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போயினர். தூக்குப் பாத்திரத்தோடு பெண்கள் பேசிச் சிரித்தபடி போனார்கள். காலனியிலிருந்து எல்லா இடத்துக்கும் அதுதான் குறுக்கு வழியாகியிருந்தது. நான் அப்படி நினைத்து அதை வரையவில்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் நிறைந்துவிட்டது.

பாதி வழியில், மதில் சற்று உள்வாங்கிய இடத்தில், கீற்றுக் கொட்டகை போட்ட இட்லிக் கடை. அடுப்புக்குப் பின்னால் அவள்.

“வா சார்! இன்னா, எளச்சிட்ட?” என்று பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள். கலவை சுமப்பதை விட்டுவிட்டாளாம். உபதேசியார் சுகமாக இருக்கிறார், அவரும் தினம் இங்கேதான் டீ குடிக்கிறார் என்றாள்.

“சாவு போவுதா இந்த வழியா?” என்று கேட்டேன்.

“எப்பனா ஒண்ணு. உசுரோட கீறவங்கதான் ஓயாம போய்க்கினே கீறாங்க. ஒரு வெளக்கு போடச் சொல்லு சார். ஷிப்ட் வுட்டு வர்ற பொண்ணுங்க இருட்டுல பேஜாருன்றாங்க.”

நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். குறிக்கும்போதுதான் கவனித்தேன், அவள் கடையின் முன் கால்கள் இரண்டடி பாதைக்குள் நின்றன. நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

“எவ்ளோ சார்?”

“ரெண்டடி.”

“துன்னு முடி. அப்பால நவத்தலாம்.”

நாலு இட்லி சாப்பிட்டேன். காரச் சட்னி கண்ணில் நீர் வரவைத்தது. பிறகு நானும் ஜீப் ஓட்டுநரும் ஆளுக்கொரு மூங்கிலைப் பிடித்தோம். அவள் அடுப்படியில் நின்று, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருக்க, கொட்டகையைத் தூக்கி மதிலோடு சேர்த்து வைத்தோம்.